சம்பந்தி போட்ட துண்டு

நிறுவனத்தின் இணையப் பக்கத்தில், 'எங்கள் மனிதர்கள்' என்ற பகுதியில், அவரைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: "முதன்மை ஒருங்கிணைப்பாளர். பல குழுக்களோடு உற்சாகமாகக் கலந்து பழகுபவர். மாற்றங்களை முகமலர்ச்சியோடு வரவேற்பவர். எந்நேரமும் பயணத்துக்குத் தயாராக இருப்பவர்."

இதில் 'முதன்மை' என்பதை வேண்டுமானால் ஒத்துக்கொள்ளலாம். அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான். ஆகவே முதலும் அவரே, கடைசியும் அவரே. மற்றபடி, அவர் இருப்பது லிஃப்ட் மோட்டாருக்கு அடுத்த அறை. ஜன்னல் கிடையாது. ஒரு காலத்தில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. மீட்டிங் என்று சொல்லி, "அஞ்சு நிமிஷம் சார்" என்று ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்கள். அது திரும்பி வரவில்லை, அவரும் கேட்கவில்லை. உட்கார வருகிறவர் யாரும் இல்லாதபோது நாற்காலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர் கட்சி. மாற்றம் வருகிறது என்று தெரிந்தால் முதல் வேலையாகப் பழையதை ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துவார். கடைசியாகப் போன பயணம் தங்கை வீட்டுக்கு. அங்கிருந்தும் மறுநாளே, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பிவிட்டார்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சம்பந்தி. கல்யாணமே ஆகாத மனிதருக்கு இந்தப் பெயர் வந்ததற்கு அவருடைய வேலைதான் காரணம்.

இன்றைக்கு ஒரு மென்பொருளை யாரும் முழுக்கத் தானே எழுதுவதில்லை. தேதி பார்க்க ஒருவர் எழுதியது, பெயர்களை வரிசைப்படுத்த இன்னொருவர் எழுதியது என்று, பொதுக் களஞ்சியத்திலிருந்து சின்னச் சின்ன மாட்யூல்களாக இறக்கிக்கொள்கிறார்கள். அவையும் தனியாக வருவதில்லை. ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டால் அவர் தம்பியோடு வந்து, தம்பி மச்சானோடு வந்து, மச்சான் வழியில் பார்த்த பழைய சிநேகிதனையும் 'வாடா, தெரிஞ்ச வீடுதான்' என்று இழுத்துக்கொண்டு வந்தால் எப்படியோ, அப்படி. வந்தவர்கள் சும்மாவும் இருப்பதில்லை. 'அந்தப் பெரியவர் இரண்டாம் வெர்ஷனில் வந்தால்தான் நான் உட்காருவேன்' என்கிறது ஒன்று. 'மூன்றாம் வெர்ஷன் இல்லையென்றால் எழுந்து போய்விடுவேன்' என்கிறது இன்னொன்று. பெரியவரோ ஏதாவது ஒரு வெர்ஷனில்தான் வர முடியும். இரண்டு தரப்பையும் தட்டிக்கொடுத்து, கொஞ்சம் இவரைக் கீழே இறக்கி, கொஞ்சம் அவரை மேலே ஏற்றி, எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பதுதான் அவர் வேலை. மேலாளர் கதவருகே நின்று, "என்ன சம்பந்தி, ரெண்டு வீட்டாரும் ராசியாயிட்டாங்களா?" என்று கேட்பார். "இன்னும் முறைச்சுக்கிட்டுதான் இருக்காங்க" என்பார் இவர். அன்றைய பேச்சு பல நாள் இதோடு முடிந்துவிடும்.

அந்த நிறுவனம் மருத்துவமனைகளுக்கு, நோயாளிகள் கைபேசியிலேயே நேரம் வாங்கிக்கொள்ளும் மென்பொருள் செய்து கொடுக்கிறது. நோயாளி தேதி எழுத மாட்டார். 'வர்ற வெள்ளி', 'நாளன்னைக்கு', 'அடுத்த செவ்வாய்' என்றுதான் எழுதுவார். அதைப் படித்து, அது இன்ன தேதி என்று சொல்லும் ஒரு குட்டி மாட்யூல் களஞ்சியத்தில் இருந்தது. அதன் பெயர் 'எப்போ'. எழுதியவர் தன்னை ஓட்டைவாளி என்று சொல்லிக்கொண்டார். ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வயது, யாருக்கும் தெரியாது.

மற்றவர்கள் புது வெர்ஷன் விட்டால், கூடவே வைக்கும் குறிப்பில் 'பிழைகள் திருத்தப்பட்டன' என்று எழுதுவார்கள். ஓட்டைவாளி அப்படி இல்லை. "நாளைக்குன்னா நாளைக்குத்தான். நேத்து வரைக்கும் அது இன்னைக்குன்னு காட்டிட்டிருந்தது. கோவிச்சுக்காதீங்க" என்று ஒரு குறிப்பு. "மழை. வெளிய போக முடியல. அதனால 'அடுத்த மாசம்' சேர்த்தாச்சு" என்று இன்னொன்று. 'அடுத்த செவ்வாய்' விஷயத்தில் மட்டும் ஒரு நீண்ட விளக்கம்: "இன்னைக்குத் திங்கள்னா, நாளைக்கு வர்றது 'வர்ற செவ்வாய்'. அதுக்கு அப்புறம் வர்றதுதான் 'அடுத்த செவ்வாய்'. எங்க வீட்ல இப்படித்தான். உங்க வீட்ல வேற மாதிரின்னா சொல்லுங்க."

சம்பந்தி இந்தக் குறிப்புகள் ஒன்றைக்கூட விட்டதில்லை. மனசுக்குள் அவரை 'வாளியார்' என்று மரியாதையோடுதான் அழைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்ட, ரிட்டயரான ஒரு மனிதரை அவராகவே வரைந்து வைத்திருந்தார். மழைக் குறிப்பு வந்த அன்று பதில் போடலாம் என்று, "இங்கேயும் மழை" என்று தட்டினார். பிறகு, இங்கே மழை பெய்யவில்லை என்பது நினைவுக்கு வந்து அழித்துவிட்டார். அவருடைய வீடு மூன்றாம் மாடியில் ஒரே அறை. எதிர் வீட்டு டிவியில் ஓடும் தொடரை, சத்தமில்லாமல் இந்த ஜன்னலிலிருந்தே பார்த்து, கதையைப் பாதி தானே இட்டுக்கட்டிக்கொள்வார். வாளியாரோடு அவருக்கிருந்த பழக்கமும் ஏறக்குறைய அந்த மாதிரிதான்.

வாளியாரின் கடைசிக் குறிப்பு இது: "ஒழுகுது. அடுத்த செவ்வாய் சரி பண்ணிடறேன்."

இந்தத் தொழிலில் ஒழுகல் என்றால் கெட்ட வார்த்தை. ஒரு மென்பொருள் கணினியின் நினைவகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு திருப்பித் தராமல், கடைசியில் கணினியே மூச்சு முட்டிப் படுத்துவிடுவதற்குப் பெயர் அது. குறிப்பைப் பார்த்ததும் உபயோகிப்பவர்கள் எல்லாம் ஒழுகலைத் தேடினார்கள். சம்பந்தியும் தேடினார், ஒரு சொட்டுகூடக் கிடைக்கவில்லை. வர்ற செவ்வாய் வந்தது. வாளியாரின் வீட்டு வழக்கப்படி அதற்கடுத்த செவ்வாயும் வந்து போனது. புது வெர்ஷன் வரவில்லை. பொதுப் பக்கத்தில் ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். "ஒழுகல் எப்ப நிக்கும்?" "இந்த மாதிரி ஓட்டையை எதுக்குய்யா கடை விரிக்கிறீங்க?" "எப்போ எழுதினவருக்கே எப்போன்னு தெரியல." பிறகு ஒரு நாள் காலை, 'எப்போ' களஞ்சியத்திலேயே இல்லை. வாளியார் அதை எடுத்துக்கொண்டு, கணக்கையும் மூடிவிட்டுப் போய்விட்டார்.

அலுவலகத்தில் எல்லோருடைய கணினியும் 'எப்போ கிடைக்கவில்லை' என்ற ஒரே பதிலைச் சொல்லிவிட்டு நின்றது. மேலாளர் வந்தார். நாற்காலி இல்லாததால் நின்றார்.

"எப்போவைக் காணோமாமே?"

"ஆமா."

"எப்ப?"

"எப்போதான் சார்."

"அதில்லய்யா. எப்ப காணாமப் போச்சு?"

"காலையில."

பழைய பிரதிகளை அழித்து இடத்தைக் காலி பண்ணச் சொல்லி மேலாளரே ஒரு உத்தரவு போட்டிருந்தார். சம்பந்தி அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில், அலுவலகக் கிடங்கில் ஒரு பிரதி மிச்சம் இருந்தது. மேலாளர் டீ குடித்து முடிப்பதற்குள் எல்லோருக்கும் வேலை ஓட ஆரம்பித்தது. நல்லது செய்தவர் கீழ்ப்படியாதவர், உத்தரவு போட்டவர் காப்பாற்றப்பட்டவர் என்ற இந்தச் சிக்கலைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் சம்பந்திக்கு வேலை முடியவில்லை. "பேர் காலியாகப் போகுது சார்" என்றார்.

"எந்தப் பேரு?"

"எப்போ-ங்கிற பேரு. களஞ்சியத்துல விட்டுட்டுப் போன பேரைக் கொஞ்ச நாள் வச்சிருப்பாங்க. அப்புறம் யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு. கண்டவன் எடுத்து உள்ள எதையாவது வச்சான்னா, ஊர்ல இருக்கிற மென்பொருள் எல்லாம் காலையில எந்திரிச்சு 'எப்போ, புதுசா ஏதாவது இருக்கா?'ன்னு கேட்டு, வாங்கி முழுங்கிடும்."

"நம்மளுது முழுங்குமா?"

"நம்மகிட்ட பிரதி இருக்கு."

"அப்புறம் என்ன? ஊர்ப் பஞ்சாயத்து நமக்கு எதுக்கு?"

அந்தப் பெயரை நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று சம்பந்தி சட்டப் பிரிவு அம்மாவிடம் கேட்டார். அவர் தெளிவாகச் சொன்னார்: "நிறுவனத்து பேர்ல எடுக்கக் கூடாது. ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலையில விழும். உங்க பேர்லயும் கூடாது, நீங்க நிறுவனத்துல இருக்கீங்க. மீறினா வேலைக்கே ஆபத்து."

"அப்ப யார் பேர்ல?"

"யார் பேர்லயும் வேண்டாம்னுதான் சொல்றேன்."

காலியான பெயர்களைப் பிடித்து விற்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களும் காத்திருப்பார்கள் என்பது சம்பந்திக்குத் தெரியும். மருத்துவமனைகள், பஸ் கம்பெனிகள், பள்ளிக்கூடங்கள் என்று நாலாயிரத்துச் சொச்சம் இடத்து மென்பொருள்கள் 'எப்போ'வை நம்பி அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அதோடு, வெளியே சொல்லாத இன்னொரு காரணமும் இருந்தது. வாளியார் கோபம் தணிந்து ஒரு நாள் திரும்பி வந்தால், அவர் இடத்தில் வேறு ஒருவன் கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பெயர் காலியாவது ஒரு வியாழக்கிழமை மதியம் என்று கணக்கு. அதே வியாழக்கிழமை மதியம், இணையப் பக்கத்துக்காக எல்லோரும் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வாசல் படியில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வது என்றும் ஏற்பாடு. சம்பந்தியும் நீலச் சட்டையோடுதான் வந்திருந்தார். பணியாளர் பிரிவில் இருந்த பெண் போன் பண்ணினாள்.

"சார், எல்லாரும் நிக்கறோம். வாங்க."

"அஞ்சு நிமிஷம்மா."

"வெளிச்சம் போயிடும் சார். உங்களுக்கு நடுவுல இடம் விட்டிருக்கோம்."

"நீங்க எடுத்துக்கோங்க."

திரையில் பெயர் இருந்தது. பிறகு இல்லை. அவர் தட்டினார். பெயர் அவருக்கு வந்துவிட்டது. கையில் இருந்த பிரதியை அப்படியே ஏற்றினார். எழுதியவர் என்ற இடத்தில் ஓட்டைவாளி என்பதை மாற்றவில்லை. குறிப்பில் மட்டும் இப்படி எழுதினார்: "இது என் இடம் இல்லை. துண்டு போட்டு வைத்திருக்கிறேன். உரியவர் வந்தால் எழுந்துவிடுவேன்."

படத்தில் இரண்டு பேருக்கு நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்குப் படிக்கட்டு தெரிகிறது. இணையப் பக்கத்தில் இன்றும் அதுதான் இருக்கிறது. அதற்குக் கீழேதான் 'உற்சாகமாகக் கலந்து பழகுபவர்' என்ற வரி.

மேலாளருக்கு விஷயம் தெரிய ஒரு வாரம் ஆனது. கதவருகே வந்து நின்றார்.

"துண்டு போட்டது நீங்கதானா?"

"ஆமா சார்."

"எனக்குத் தெரியாது."

"இப்பதானே சொன்னேன்."

"நீங்க சொல்லல. எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்லவர்தான் என்பதற்கு அந்த அலுவலகத்தில் கிடைக்கும் ஒரே சாட்சி இது.

பெயரோடு, அதன் மேல் இருந்த வசவுகளும் அவருக்கு வந்து சேர்ந்தன. தினமும் முகம் தெரியாத யாராவது எழுதினார்கள். "அண்ணே, ஒழுகல் எப்ப நிக்கும்?" "உங்க வீட்ல அடுத்த செவ்வாய் எப்படியோ, எங்க வீட்ல நாளைக்கே வந்துடும்." எல்லோருக்கும் பதில் எழுதினார். இத்தனை பேர் அவரிடம் பேசியது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. பேசியதில் முக்கால்வாசி திட்டு என்பதை அவர் பெரிதுபடுத்தவில்லை. பஸ் கம்பெனிப் பையன் ஒருவன், ஒரு பிழையைப் பற்றி நீளமாகக் குறைபட்டுவிட்டு, கடைசியில் "சாப்டீங்களா?" என்று கேட்டிருந்தான். தங்கையைத் தவிர அந்தக் கேள்வியைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். 'சாப்பிட்டேன்' என்று பதில் போட்டபின், அது உண்மையாக இருக்கட்டுமே என்று போய்ச் சாப்பிட்டார்.

தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவாள்.

"தனியா கெடந்து என்னண்ணா பண்றே?"

"தனியா எங்க? நாலாயிரம் பேர் இருக்காங்க."

"கம்ப்யூட்டர்லயா?"

"ம்."

"காய்ச்சல்ல படுத்தா அவங்க வந்து மாத்திரை எடுத்துத் தருவாங்களா?"

"டாக்டர்கிட்ட நேரம் வாங்கித் தருவாங்க."

"உன் மாப்பிள்ளை சிரிக்கிறார் பாரு. பேசறியா?"

"வேண்டாம். சிரிக்கட்டும்."

அதே வாரம் பணியாளர் பிரிவுப் பெண்ணும் போன் பண்ணினாள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறார்களாம்.

"சார், உங்களை டிபென்ட் பண்ணி எத்தனை பேர் இருக்காங்க?"

"நேத்துப் பார்த்தப்ப நாலாயிரத்துச் சொச்சம்."



"சார்?"

"அதுல பாதி இப்ப புழக்கத்துல இல்ல. ஒரேயடியா நம்ப முடியாது."

"நான் குடும்பத்துல கேட்டேன் சார்."

"ஓ."

"ஒண்ணும் இல்லைன்னு போட்டுக்கவா?"

"போட்டுக்கோம்மா."

இப்படி மூன்று வருடம் போனது. நடுவில் இரண்டு பேர், நான்தான் ஓட்டைவாளி, இடத்தைக் கொடு என்று வந்தார்கள். இரண்டு பேரிடமும் சம்பந்தி ஒரே கேள்வியைக் கேட்டார்: "எது ஒழுகியது?" ஒருவன் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினான். நினைவகம் எங்கே பிடிக்கப்படுகிறது, எங்கே விடப்படவில்லை என்று படம் போட்டிருந்தான். அவ்வளவு நன்றாக இருந்ததால், அப்படி ஒரு பிழை இருந்திருக்கக் கூடாதா என்று சம்பந்திக்கே ஒரு கணம் தோன்றியது. ஆனால் இல்லை. இடத்தைக் கொடுக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு வரி வந்தது. "துண்டு போட்டு வச்சதுக்கு நன்றி. வந்துட்டேன், எந்திரிக்கிறீங்களா?"

வழக்கமான கேள்வியை அனுப்பினார். எது ஒழுகியது?

"சமையலறைக் குழாய்" என்று பதில் வந்தது. "வீட்டுக்காரம்மாவுக்கு அனுப்ப வேண்டியது. ரெண்டும் ஒரே நேரத்துல தட்டினேன், மாறிப் போச்சு. வாளி வச்சிருந்தேன். அதுவும் ஓட்டை."

இப்படி ஒன்றை இட்டுக்கட்ட யாருக்கும் தோன்றாது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. பழைய வெர்ஷன்களில் போட்டிருந்த அதே மின்னணுக் கையெழுத்தைப் போட்டு அனுப்பச் சொன்னார். வந்தது, பொருந்தியது. அது வருவதற்கு முன்பே, குழாயிலேயே அவர் நம்பிவிட்டிருந்தார். தன் போன் எண்ணையும் எழுதினார். ஏன் எழுதினோம் என்று யோசிப்பதற்குள் போன் அடித்தது.

முப்பது முப்பத்தைந்து வயதுக் குரல். பெண்.

"சார், நீங்க ரொம்ப வயசானவர்னு நெனச்சிட்டிருந்தேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"உங்களையா?"

"உங்களைம்மா. மனசுக்குள்ள வாளியார்னுதான் கூப்பிடுவேன்."

அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "ஏன் எடுத்துட்டுப் போயிட்டீங்க?" என்று கேட்டார்.

"எல்லாரும் ஒழுகுது ஒழுகுதுன்னு திட்டினாங்களே சார். நானும் நம்பிட்டேன். எழுதினவளுக்கே தெரியாம எங்கயோ ஒழுகுது போலிருக்குன்னு ராப்பகலா தேடினேன். கெடைக்கல. ஒழுகறது தெரியுது, எங்கன்னு தெரியல, இந்த லட்சணத்துல இது எனக்கு எதுக்குன்னு மூடிட்டேன். போன மாசம்தான் பழைய குறிப்பைப் படிச்சேன். ஆரம்பிச்சு வச்சதே என் குழாய்தான்."

"வீட்டுக்காரம்மாவுக்கு என்ன போச்சு?"

"இங்க போட வேண்டியது அங்க போச்சு. 'அடுத்த வருஷம் சேர்த்தாச்சு'ன்னு. நான் இன்னும் ஒரு வருஷம் இருக்கப்போறேன்னு நெனச்சு அவங்க சந்தோஷமாயிட்டாங்க. நானும் இருந்துட்டேன்."

"குழாய்?"

"இன்னும் ஒழுகுது சார்."

லிஃப்ட் மோட்டார் ஒரு தடவை ஓடி நின்றது. அவள்தான் மறுபடி பேசினாள்.

"நீங்களும் கூடவே இருங்களேன் சார். ஒரு பேருக்கு ரெண்டு பேர் பொறுப்பா இருக்கலாம்னு களஞ்சியத்துல விதி இருக்கு."

"விதி இருக்கு. ஆனா வந்தா எந்திரிச்சுடுவேன்னுதான் எழுதியிருந்தேன்."

"அதை யாரு சார் பார்க்கப் போறா?"

"நாலாயிரம் பேர் பார்த்திருக்காங்க" என்றார். அது ஒரு பக்கம் உண்மை. தன் இடமல்லாத இடத்தில், ஓரமாக நகர்ந்து உட்கார்ந்துகொள்ள அவருக்கு வராது என்பது இன்னொரு பக்கம். அது தனக்கு வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. நாளையிலிருந்து திட்டுகள் அவளுக்குப் போகும். 'சாப்டீங்களா'வும் அவளுக்குத்தான் போகும்.

"சரி சார். அப்ப அடுத்த செவ்வாய் பேசறேன்" என்றாள்.

அன்றைக்குத் திங்கள். எந்தச் செவ்வாய் என்று அவர் கேட்கவில்லை. அவர்கள் வீட்டுக் கணக்கு அவருக்குத் தெரியும்.

போனை வைத்துவிட்டு, களஞ்சியத்தைத் திறந்து, பெயரை அவள் கணக்குக்கு மாற்றினார். அவர் எழுதியிருந்த துண்டுக் குறிப்பை அழித்தார். மதியம் இரண்டு மாட்யூல்களுக்குள் மறுபடி தகராறு வந்தது. உட்கார வைத்துப் பேசினார்.

இணையப் பக்கத்தில் அவரைப் பற்றி எழுதாமல் விட்டது இது: முகம் தெரியாத ஒருவர் விட்டுவிட்டுப் போன பெயரை, வேறு யாரும் எடுத்துவிடாமல் மூன்று வருடம் வைத்திருந்தார். உரியவர் வந்து கேட்டதும் கொடுத்துவிட்டார்.